நான்காம் வேற்றுமை

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும் அந்தப் படம் உங்களுக்கும் பழக்கமானதாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டம். நடுவில் கலெக்டர், இரண்டு பக்கமும் அதிகாரிகள், முன்னால் வண்டியில் ஒருவர். கீழே, இத்தனை மாற்றுத்திறனாளிகளுக்கு இத்தனை ரூபாய் மதிப்பில் நலத்திட்ட உதவிகள் வழங்கப்பட்டன என்று ஒரு வரி. நிற்பவர்களின் பெயர் பதவியோடு இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் பெயர் இருக்காது.

போன வருஷம் அப்படி ஒரு படத்தில் எங்க சித்தப்பா இருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவர். இணைப்புச் சக்கரம் பொருத்தின ஸ்கூட்டருக்குப் பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது, சந்தோஷம். படத்தை வாட்ஸப்பில் அனுப்பியதும் அவரேதான். கூடவே ஒரு கேள்வி: "என் பேரு எங்கடா?"

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஸ்கூல் இலக்கணம் ஞாபகம் வந்தது. 'மாற்றுத்திறனாளிகளுக்கு' என்பதில் இருக்கிற 'கு' நான்காம் வேற்றுமை உருபு. அதற்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை. நம்ம செய்தி நடையில் உடல் குறைபாடு உள்ள ஒருவர் பெரும்பாலும் இந்த வேற்றுமையிலேயே வாழ்கிறார். அவருக்குக் கொடுக்கப்படும், அவருக்கு ஏற்பாடு செய்யப்படும். அவர் எதையும் செய்வதில்லை. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது நல்ல மாற்றம்தான். ஆனால் பெயர்ச்சொல் மட்டும்தான் மாறியது, வேற்றுமை உருபு அப்படியே இருக்கிறது.

இதே புதுக்கோட்டையைப் பற்றி வேறு இலக்கணத்தில் எழுதப்பட்ட ஒரு பிரதி உண்டு. பி. சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' 1996-ல் வந்தது. அதில் அறிவொளி இயக்கத்தின் சைக்கிள் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. அதன் இந்தி வடிவம் என்சிஇஆர்டி எட்டாம் வகுப்புப் பாடமாகவும் இருந்தது. 1991-ல் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களின் நடமாட்டத்தையும் சேர்த்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் ஏற்பாடானது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்தார்கள். மாவட்டத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சம் பேர் இருக்கும் என்பது சாய்நாத்தின் கணக்கு.

கட்டுரையின் பலம் அந்த எண்களில் இல்லை, வாக்கியங்களின் எழுவாயில் இருக்கிறது. கலெக்டர் வருகிறார், ஆனால் கதை அவருடையதாக ஆகிவிடுவதில்லை. குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராம நர்சுகள்தான் பேசுகிறார்கள். சைக்கிளால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானதையும், கொண்டுபோய் விட ஆண்களை எதிர்பார்க்காமல் போனதையும் அவர்களே கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள், ஏன்னா முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். ஆண்களுக்காக வடிவமைத்த ஒரு பொருளுக்குப் பயனாளர் புது வேலை கண்டுபிடிக்கிறார். என் தொழிலில் இதற்குப் பெரிய பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறோம்.

அம்மா சைக்கிள் கற்றது அப்போதுதான். எனக்கு மூணு வயசு. அவங்க ஓட்டிப் பழகினது சித்தப்பாவோட வாடகை சைக்கிள் கடையில் எடுத்த வண்டி. பிரேக் கட்டை மாற்றி, செயின் போட்டு, பங்க்சர் ஒட்டி, ஊரில் பாதிப் பெண்களை அனுப்பி வைத்தவர் அவர். "பின்னாடி கேரியரைப் புடிச்சுக்கிட்டு ஓடி வர மட்டும்தான் அவரால முடியாது, மத்ததெல்லாம் அவருதான்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாங்க.

பல வருஷம் நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில்தான் சாய்நாத்தின் கட்டுரை எனக்கு இடறுகிறது. நடமாட்டம்தான் விடுதலை என்று இவ்வளவு அழகாகச் சொல்லும் பிரதி, பெடல் மிதிக்கக் கால் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கட்டுரை இயக்கத்தை உண்மையாகப் பதிவு செய்தது. இயக்கம் யாரைக் கணக்கில் எடுக்கவில்லையோ அவர்களைக் கட்டுரையும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பெண்களுக்குக் கடனாகவும் பாட்டாகவும் ஊர்வலமாகவும் வந்த அதே நடமாட்டம், சித்தப்பாவுக்கு முப்பது வருஷம் கழித்து ஒரு மனுவின் முடிவாக வந்தது.

இலவச ஸ்கூட்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் அவர் இன்னும் திண்ணையில்தான் இருப்பார். என் கேள்வி, முடிவெடுக்கும் மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் கோவையில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவர். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து தண்டுவடம் அடிபட்டது, கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ. இந்தக் கதையை நாம் வழக்கமாக எப்படிச் சொல்வோம்? தன்னம்பிக்கைக் கதையாக, 'இவரே சாதிக்கும்போது உன்னால் முடியாதா' என்று. நான்காம் வேற்றுமையின் இன்னொரு வேஷம் அது. நமக்கு ஊக்கம் கொடுப்பதற்காக அவர் இருக்கிறார் என்றாகிவிடும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நிர்வாகம். 1992-ல் எஸ். சங்கர ராமன் அங்கே வந்து சேர்கிறார். தசைச் சிதைவு நோய் உள்ள சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். அதாவது நிறுவனத்தை நடத்துபவர்களும் பட்ஜெட் போடுபவர்களும் சக்கர நாற்காலியில் இருந்தே அதைச் செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சாய்வுதளம் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் விவாதிக்கப்போவதில்லை.

இதை என் ஆபீஸ் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஸ்க்ரீன் ரீடரில் எங்கள் ஆப் வேலை செய்யவில்லை என்று ஒரு டிக்கெட் வந்தது. பார்வையற்றவர் ஒருவர் விரலை வைத்தால் போன் 'பட்டன், பட்டன்' என்று மட்டும் சொல்லும். எந்த பட்டனுக்கும் பேர் வைக்கவில்லை. சரிசெய்ய இரண்டு நாள் வேலை. ஒன்றரை வருஷம் பேக்லாகில் கிடந்தது. எங்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த மீட்டிங்கில் அது இல்லாமல் வாழ முடியாதவர் ஒருவர்கூட இல்லை. தள்ளிப்போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தங்கள் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறின. புதுக்கோட்டையில் மட்டும் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒரு நாற்காலி என்று கணக்குப் போட்டதும் எனக்கு 1992 ஊர்வலம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இலக்கணக்காரன் புத்தி சும்மா இருக்காதே: 'நியமிக்கப்படுகிறார்' என்பதும் செயப்பாட்டு வினைதான். யாரோ நியமிக்கிறார், இவர் நியமிக்கப்படுகிறார். ஆமாம் போடுகிறவராகப் பார்த்து உட்கார வைத்துவிட்டால் மறுபடியும் அதே படம், அதே வரிதான். ஒன்று மட்டும் சொல்லலாம். சைக்கிளும் கலெக்டர் ஆபீஸிலிருந்துதான் புறப்பட்டது. ஓட்டத் தொடங்கிய பிறகு எங்கே போவது என்பதைப் பெண்கள் முடிவு செய்தார்கள்.

சித்தப்பாவும் மனு போட்டிருக்கிறார். உறுப்பினரானால் முதலில் என்ன செய்வீங்க என்று போனில் கேட்டேன். நல்லதாக ஒரு மேற்கோள் கிடைக்கும், கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "நம்மூர்ல வீட்டை விட்டு வெளியவே வராம எத்தனை பேரு இருக்காங்கன்னு ஒரு கணக்கு எடுக்கணும். வண்டி இருக்குல்ல, நானே போய் எடுப்பேன்."