பேய் எந்த மொழி பேசுகிறது?

விளையாட்டு, திரைப்படம், பேய்க்கதை ஆகிய மூன்றையும் ஒரே கட்டுரையில் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நம் அன்றாடப் பேச்சு இவற்றை நெடுங்காலமாக ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. கிரிக்கெட் வெறி என்கிறோம். சினிமாப் பித்து என்கிறோம். பேய் பிடித்தது என்கிறோம். மூன்றிலும் மனிதன் தன்வசம் இழக்கிறான் என்பதே வழக்குமொழி தரும் தீர்ப்பு.

இவற்றுள் 'வெறி' என்னும் சொல் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. காதலால் மெலிந்த மகளைக் காணும் தாய், இது முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று கருதி வேலனை அழைக்கிறாள். களம் இழைத்து, மறி அறுத்து, வேலன் ஆடுகிறான். நோயின் காரணமோ மகளின் நெஞ்சில் இருக்கிறது. தோழி அதனை அறிவாள், தாய் அறியாள். உள்ளே இருப்பதை வெளியே தேடும் இந்த மனித இயல்பே, நாம் எடுத்துக்கொண்ட மூன்றுக்கும் பொதுவான வேர் எனலாம்.

ஆகவே, ரசிகனாக அமர்ந்து இவற்றை எடைபோட விரும்புவோர்க்கு நாம் ஓர் அளவுகோலைப் பரிந்துரைக்கிறோம். ஓர் ஆட்டமோ படமோ கதையோ நம்மை எவ்வளவு நடுங்க வைத்தது, எவ்வளவு கூத்தாட வைத்தது என்பது பெரிதன்று. நம் அச்சத்திற்கு அது யாருடைய முகத்தைக் கொடுத்தது? இதுவே கேட்க வேண்டிய கேள்வி.

அயல்மொழி பேசும் ஆவி

1993-இல் ஃபாசில் இயக்கத்தில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தை எடுத்துக்கொள்வோம். பழைய தறவாட்டு மாளிகை. பூட்டப்பட்ட ஓர் அறை. அதைத் திறந்துவிடும் இளம் மனைவி கங்கா. அவளுக்குள் நாகவல்லி என்னும் நடனக்காரி உயிர்பெறுகிறாள். இந்த நாகவல்லி யார்? தஞ்சையிலிருந்து அழைத்து வரப்பட்டவள், தமிழ் பேசுபவள். கங்கா மலையாளத்தில் சிரிக்கிறாள். நாகவல்லி தமிழில் சீறுகிறாள். இரண்டிற்கும் வெவ்வேறு பெண்களின் குரல்கள் பின்னணியில் ஒலிக்கின்றன. ஒரே முகத்தில் இரு பெண்களையும் காட்டிய ஷோபனாவிற்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

இக்கதை 2004-இல் 'ஆப்தமித்ரா' என்று கன்னடத்திற்கும், 2005-இல் 'சந்திரமுகி' என்று தமிழிற்கும் வந்தது. இரண்டையும் இயக்கியவர் பி.வாசு. தமிழுக்கு வந்ததும் நடனக்காரியின் மொழி மாறிவிட்டது. சந்திரமுகி ஆந்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவளுடைய நடனப் பாடல் தெலுங்கில் ஒலிக்கிறது. கன்னடத்திலும் அவ்வாறே. 2007-இல் 'பூல் புலையா' என்று இந்திக்குச் சென்றபோது அவள் வங்காளியானாள்.

இது நோக்கத்தக்கது. மலையாளிக்குப் பேய் தமிழ் பேசுகிறது. தமிழனுக்குத் தெலுங்கு பேசுகிறது. இந்திப் பார்வையாளனுக்கு வங்காளம் பேசுகிறது. எந்த மாளிகையிலும் பேய் அந்த வீட்டு மொழியைப் பேசுவதில்லை. அடுத்த வீட்டு மொழியைப் பேசுகிறது.

இதில் அயலார் மீதான வெறுப்பை மட்டும் காண்பது குறுகிய பார்வையாகும். அந்த அயல்மொழிதான் படத்தில் இசையாகவும் நடனமாகவும் வருகிறது. நாம் விரும்பிக் கேட்பதும் அதைத்தான். கதையின் உட்பொருள் இன்னும் ஆழமானது. அயல் நாட்டுப் பெண்ணை ஒரு பிரபு தன் உடைமையாகக் கொண்டுவந்தான். அவள் வேறொருவனைக் காதலித்தாள் என்பதற்காக அவளைக் கொன்றான். விருந்தாக வந்தவளுக்கு வீடு இழைத்த அநீதியே பேயாக நிற்கிறது. பூட்டிய அறைக்குள் இருப்பது அந்த வீட்டின் குற்ற உணர்வு. அந்த அறைக்கு அயலாரின் முகத்தை மாட்டிவிட்டு வீடு அமைதியாக உறங்கப் பார்க்கிறது.

இக்கதைக்குப் பெருமை தருவது அதன் முடிவே. மருத்துவர் பேயை அடித்து விரட்டவில்லை. அவளுடைய வழக்கை முழுதும் கேட்டு, உருவப் பொம்மை ஒன்றின் மீது அவள் தன் நீதியைத் தீர்த்துக்கொள்ள இடம் தருகிறார். கேட்கப்பட்ட பிறகே அவள் போகிறாள். ஒரு வணிகப் படம் இவ்வளவு நுட்பமாக மனநோயையும் நீதியையும் பிணைத்தது அரிய செயல்.

தமிழில் இந்நுட்பம் ஓரளவு மங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 'சந்திரமுகி' சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம். ஜோதிகாவின் உழைப்பு அதில் போற்றத்தக்கது. ஆனால் தமிழ்ப் படத்தில் கதாநாயகனே கொடுங்கோலன் வேட்டையனாகவும் தோன்றுகிறார். அவர் 'லகலகலக' என்று உறுமியதும் அரங்கம் ஆர்ப்பரித்தது. அப்பெண்ணை உயிரோடு எரித்தவன் அவன். அவனே ரசிகர்களின் செல்லப்பிள்ளையாகிவிட்டான். கொல்லப்பட்டவளுக்கு நம்மிடம் கிடைத்தது அச்சம். கொன்றவனுக்குக் கிடைத்தது கைதட்டல். நட்சத்திரத்தின் ஒளி ரசிகனின் அறவுணர்வை எங்கே இழுத்துச் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்னொன்றும் நடந்தது. 'ஆப்தமித்ரா'வில் கங்காவாக நடித்த சௌந்தர்யா, படம் வெளிவருமுன்பே 2004 ஏப்ரலில் விமான விபத்தில் இறந்தார். அதன் நாயகர் விஷ்ணுவர்தன் 2009 டிசம்பரில் மறைந்தார். அதன் தொடர்ச்சியான 'ஆப்தரக்ஷகா' அவருக்குப் பின்னரே வெளிவந்தது. உடனே 'நாகவல்லியின் சாபம்' என்று ரசிகர்கள் பேசத் தொடங்கினர். விபத்தும் நோயும் தரும் துயரத்தை அப்படியே ஏற்க மனம் வலிக்கிறது. அதனால் அதற்கு ஒரு பெண்பேயின் முகத்தைப் பூட்டிவிடுகிறோம். வேலனை அழைத்த தாய் இன்னும் நம்மிடையே வாழ்கிறாள்.

இரண்டாம் ஆட்டம் முடிந்து

கிராமத்து டூரிங் டாக்கீஸில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நள்ளிரவில் நடந்து திரும்பியவர்களுக்குப் படமும் பேயும் எங்கே சந்திக்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை. கொட்டகையின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் மறையும்; பாடலை முணுமுணுத்துக்கொண்டே வருவோம்; புளியமரம் நெருங்கியதும் பாட்டு தானாக உரக்க எழும். அம்மரத்தடியில் நாம் எதையும் கண்டதில்லை. ஆனால் அங்கே யார் நிற்பதாகச் சொன்னார்கள் என்பது மட்டும் மறக்கவில்லை: பிள்ளைப்பேற்றில் இறந்த ஒருத்தி, நாண்டுகொண்டு செத்த மற்றொருத்தி. ஊர்ப் பெரியவர் எவரும், நிறைவாழ்வு வாழ்ந்த எவரும், அங்கே பேயாக நின்றதாக யாரும் சொன்னதில்லை. வாழ்வு மறுக்கப்பட்டவர்களே ஊர் எல்லையில் நின்றார்கள்.

தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டு மரபு இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களை அச்சத்தோடு நினைத்த மக்கள், அவர்களுக்குப் பீடம் அமைத்தனர். ஆண்டுதோறும் அவர்கள் கதையை விடிய விடியப் பாடினர். சாதியை மீறி மணந்த முத்துப்பட்டனின் கதை அவ்வாறு பாடப்படுவதே. அஞ்சப்பட்டவருக்குப் பெயரும் வரலாறும் கிடைத்தன. இதுவும் கேட்டுத் தீர்க்கும் மருத்துவமே அன்றோ?

2011-இல் ராகவா லாரன்ஸ் உருவாக்கிய 'காஞ்சனா'வை இந்த மரபில் வைத்துப் பார்க்கலாம். அதில் ஆவியாக வருபவள் ஒரு திருநங்கை. அவளோடு கொல்லப்பட்டவர்கள், அவளுக்கு அடைக்கலம் தந்த இசுலாமியர் ஒருவரும் மனவளர்ச்சி குன்றிய அவர் மகனும். தெரு ஒதுக்கிய மூவர் ஓர் உடலுக்குள் நுழைகிறார்கள். சரத்குமார் ஏற்ற அப்பாத்திரம், வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தன் கதையைச் சொல்லும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அடங்கியது. படத்தின் நகைச்சுவை பல இடங்களில் மலிவானது. முடிவில் வரும் பழிவாங்கலும் இரத்தக்களரியும் அந்தக் கதையின் கனத்தைக் குறைத்துவிடுகின்றன. எனினும் பேய்க்கு ஒரு வாழ்க்கை வரலாறு தந்த வகையில் அது பாராட்டுக்குரியது.

சேப்பாக்கத்தில் ஒரு மாலை

இனி மைதானத்திற்கு வருவோம். பொங்கல் டெஸ்ட்டுகளை வானொலியின் தமிழ் வர்ணனையில் கேட்டு வளர்ந்த நாம், விளையாட்டு ரசிகன் பேய்நம்பிக்கைகளின் உறைவிடம் என்பதை நன்கறிவோம். நிலைத்து ஆடும் இணை களத்தில் இருந்தால் அமர்ந்த இடத்தைவிட்டு எழக்கூடாது. ஒருவன் உள்ளே வந்ததும் விக்கெட் விழுந்தால் அவன் மறுபடி வரக்கூடாது. நம் கையில் இல்லாத ஒன்றைக் கையில் இருப்பதாக எண்ணும் இவ்வேடிக்கையால் யாருக்கும் தீங்கில்லை. தீங்கு, தோல்விக்கு ஒரு முகம் தேடும்போது தொடங்குகிறது.

1996 மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்சில் உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கைக்கு எதிராக இந்தியா 8 விக்கெட் இழப்பிற்கு 120 ஓட்டங்களில் தடுமாறியபோது, கூட்டத்திலிருந்து போத்தல்கள் பறந்தன. இருக்கைகளில் தீ மூண்டது. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. 1999 பிப்ரவரியில் அதே மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட்டின் இறுதி நாளில், கலகத்தால் பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டு, வெறுமையான அரங்கின் நடுவே ஆட்டம் முடிந்தது. ரசிகன் இல்லாத அந்தப் பெரும் அரங்கைவிடப் பேய்வீடு வேறேது?

இவ்விரண்டுக்கும் இடையே, 1999 ஜனவரி 28 முதல் 31 வரை, சென்னை சேப்பாக்கத்தில் இன்னொன்று நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் பாகிஸ்தான் இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. அவர்கள் வரவை எதிர்த்தோர் டெல்லி கோட்லா ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தனர். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. வெற்றி இலக்கு 271. ஐந்து விக்கெட்டுகள் 82 ஓட்டங்களில் விழுந்தன. முதுகுவலியால் துடித்தபடி டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். மோங்கியா துணைநின்று 52 எடுத்தார். இன்னும் 17 ஓட்டங்களே தேவை என்ற நிலையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தை டெண்டுல்கர் உயரத் தூக்கினார். வாசிம் அக்ரம் பிடித்துவிட்டார். எஞ்சிய மூவரும் 4 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். 12 ஓட்டங்களில் தோல்வி.

அரங்கில் ஒரு கணம் இறப்பு வீட்டின் மௌனம். அதன்பின் மக்கள் எழுந்து நின்றார்கள். வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அக்ரமும் அவர் தோழர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தனர்; கைதட்டல் அவர்களோடு சுற்றிவந்தது. 1997 மே மாதம் இதே அரங்கில் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்தபோதும் சேப்பாக்கம் எழுந்து நின்றதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கைதட்டல் நாடுகளிடையே சமாதானம் கொணரவில்லை. அவ்வாண்டே கார்கில் போர் மூண்டது. அரங்கின் எழுச்சி அரசுகளை மாற்றும் என்று நம்புவது குழந்தைத்தனம். ஆயினும் அந்த மாலையில் சில ஆயிரம் மனிதர் செய்தது சிறு செயலன்று. பேய்முகம் பூட்டிக் காட்டப்பட்ட ஒருவனை, வியர்வை வழியும் மனித முகத்தோடு அவர்கள் கண்டார்கள். தங்கள் துயரத்தை மறைக்கவும் இல்லை. அதற்காக அவனைப் பலியிடவும் இல்லை. தோல்வியால் அழுத கண்களே அவன் திறமையையும் கண்டன. ரசனை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த பொருளுரை நமக்குத் தெரியவில்லை.

திரையிலும் இதன் எதிரொலி உண்டு. 2021-இல் பா.இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொல்கிறது. நாயகன் கபிலனின் பகையணி இடியாப்ப பரம்பரை. அவ்வணியைச் சேர்ந்த டான்சிங் ரோஸ் என்னும் வீரன், கால்கள் நடனமிட, காற்றில் மிதந்து குத்துவிடும் காட்சியில் ரசிகர்கள் நாயகனைச் சற்றே மறந்தார்கள். எதிராளியான ரோஸே அப்படத்தில் மிகுதியாகக் கொண்டாடப்பட்டவர்களுள் ஒருவனானான். நாயகன் வெல்ல வேண்டும் என்ற ஆசையும், தோற்பவன் அழகன் என்ற உணர்வும் ஒரே நெஞ்சில் நிற்க முடிகிறது. வேட்டையனுக்குக் கைதட்டிய அதே தமிழ் ரசிகனின் நெஞ்சுதான் இதுவும்.

ஆகையால் ரசிகனைப் பழிப்பதும் அவனை வழிபடுவதும் வீண் வேலை. அவன் தன்வசம் இழப்பது உறுதி. அதற்காகவே நுழைவுச்சீட்டு வாங்குகிறான். இழந்த நிலையில் அவன் யாரைப் பார்க்கிறான் என்பதே பொருட்டு. நல்ல படமும் நல்ல ஆட்டமும் பூட்டிய அறையைத் திறந்து, உள்ளே நிற்பவரின் பேச்சைக் கேட்க வைக்கின்றன. தரம் தாழ்ந்தவை கதவின்மேல் இன்னொரு பூட்டை மாட்டுகின்றன. அடுத்தமுறை திரையில் ஓர் ஆவி வாய் திறக்கும்போது, அது எந்த மொழி பேசுகிறது என்று நாம் கவனிப்போம். அம்மொழி பேசுவோர் நமக்கு அடுத்த தெருவிலேயே வாழக்கூடும்.