முத்திரைக்குக் கீழே

1923ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் முதலில் படுவது ஒரு இல்லாமை. எது ரகசியம் என்பதற்கு அதில் வரையறை கிடையாது. தலைப்பில் நிற்கும் வார்த்தைக்கு உள்ளே அர்த்தமில்லை. அர்த்தத்தை ஆபீஸ் முத்திரை தருகிறது. 5ஆம் பிரிவின்படி கொடுத்தவனோடு தெரிந்தே வாங்கியவனும் குற்றவாளி. 3 வருஷம் வரை சிறை. எழுதியிருந்தது நிஜமா, வெளிவந்ததால் யாருக்கு நன்மை என்று சட்டம் கேட்பதில்லை.

2002 ஜூனில் டில்லியில் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி கைதானார். அவர் கம்ப்யூட்டரில் இருந்தது காஷ்மீரில் உள்ள படைபலம் பற்றி, பாகிஸ்தானில் ஏற்கனவே பிரசுரமான ஒரு குறிப்பு. ராணுவ உளவுத்துறை முதலில் ஆபத்தானது என்றது, பிறகு எல்லோருக்கும் கிடைப்பதுதான் என்றது. 2003 ஜனவரியில் வழக்கு வாபஸ். இரண்டு அபிப்பிராயங்களுக்கும் நடுவே ஏழு மாதம் திகார் சிறை. குறிப்பில் ஓரெழுத்தும் மாறவில்லை.

ரஃபேல் விவகாரம் இன்னும் சுவாரசியமானது. 2019 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகள் ‘தி ஹிந்து’வில் வெளியாயின. மார்ச் 6 அன்று ஸுப்ரீம் கோர்ட்டில் அட்டர்னி ஜெனரல் கே. கே. வேணுகோபால் அவை திருடப்பட்டவை என்றார். இரண்டு நாளில் அது ‘நகல்’ என்று ஆயிற்று. பண்பொழியில் சாரல் விடாத ஒரு சாயங்காலம் இதைச் சொன்னபோது நண்பர் கேட்டார்: “மூலம் பீரோவுலயே இருக்கு. பொறவு என்னத்தவே திருடினான்?” விமர்சகர்கள் யாரும் இவ்வளவு கச்சிதமாகக் கேட்கவில்லை.

திருட்டு என்றதும் எல்ஸ்பெர்க் ஞாபகம் வருகிறது. வியட்நாம் யுத்தம் பற்றிய ஏழாயிரம் பக்கங்களை நகலெடுத்தவர். ‘மிக ரகசியம்’ என்ற வரியைப் பக்கம் பக்கமாகக் கத்தரித்துத் தந்தது அவருடைய பத்து வயது மகள். கத்தரித்த பிறகும் வாக்கியங்கள் அப்படியேதான் இருந்தன. 115 வருஷம் வரை சிறை என்று மிரட்டிய வழக்கு 1973இல் தள்ளுபடியானது. ஒரு காரணம், வெள்ளை மாளிகையின் ஆட்கள் அவருடைய மனநல வைத்தியரின் ஆபீஸை உடைத்துப் புகுந்தது. அது நிஜத் திருட்டு.

2019 ஏப்ரல் 10 அன்று, பிரசுரமான காகிதங்களைப் பரிசீலிக்கலாம் என்று ஸுப்ரீம் கோர்ட் சொன்னது. பிரசுரத்தைத் தடுக்க 1923 சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னது. நம் வட்டத்தில் சிலர் இதை எழுத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள். எனக்கு உடன்பாடில்லை. (மறுசீராய்வு மனுக்களே நவம்பரில் தள்ளுபடியாகிவிட்டன என்பது வேறு விஷயம்.) காப்பாற்றப்பட்டது காகிதம். பீரோவைத் திறந்த கைக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. பத்திரிகை பெயரைச் சொல்ல மறுத்ததால்தான் அந்தக் கை இன்றும் அநாமதேயமாக இருக்கிறது. மௌனம், மௌனம் என்று கவிதையில் இத்தனை வருஷமாக எழுதித் தீர்த்த நாம் இந்த மௌனத்தைக் கவனிக்கவில்லை.

அந்தக் கை அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது 14ஆம் பிரிவில் இருக்கிறது. அரசுத் தரப்பு கேட்டால் விசாரணையிலிருந்து ஜனங்களை வெளியேற்றலாம். தண்டனையை மட்டும் பகிரங்கமாக வாசிக்க வேண்டும்.