விழுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே ஏழு நிமிடம்

சினிமாவில் விண்கலம் வேற்றுக் கிரகத்தில் இறங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 'ஸ்டார் வார்ஸ்' படத்து மில்லேனியம் ஃபால்கன் வரும், காலை நீட்டி உட்காரும், ஹான் சோலோ சாவகாசமாக இறங்கி நடப்பார். யாருக்கும் வியர்த்ததுகூட இல்லை. 'ஸ்டார் டிரெக்' ஆட்கள் பரவாயில்லை. எண்டர்பிரைஸை வாராவாரம் தரையிறக்கிப் படம்பிடிக்கக் காசு கட்டுப்படியாகாது என்பதால், ஆளையே கரைத்துக் கீழே அனுப்பும் கருவியை 1966-லேயே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கஞ்சத்தனத்திலும் என்ன ஒரு கற்பனை!

ஆனால் நிஜம் இருக்கிறதே, அதை எந்தக் கதாசிரியரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார். எழுதியிருந்தாலும் 'லாஜிக் இடிக்குதே சார்' என்று தயாரிப்பாளர் திருப்பிக் கொடுத்திருப்பார்.

2021 பிப்ரவரி 19, நம்மூர் நேரப்படி விடியற்காலை 2.25. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயைத் தொட்டுவிட்டதாக நாசா பொறியாளர் ஸ்வாதி மோகன் அறிவித்தார். நான் போட்ட கூச்சலில் வீடே எழுந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தச் சேதி இங்கே வந்து சேரவே பதினோரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வண்டி காற்றுமண்டலத்தில் நுழைந்து தரையைத் தொட ஆவது ஏழே நிமிடம். அதாவது, நுழைந்துவிட்டது என்ற சேதி பூமிக்கு வரும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும். கலம் தன் பாட்டைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாயின் காற்று மகா வம்பு பிடித்தது. அதன் அழுத்தம் நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கலத்தைச் சுட்டெரிக்க அது போதும், நிறுத்தப் போதாது. மணிக்கு 19,500 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்ததை 21.5 மீட்டர் விட்டமுள்ள பாராசூட்டை விரித்து இழுத்தாலும் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வேகம் மிச்சம்!

சில நாள் கழித்து வெளியான வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பாராசூட் படாரென்று விரிகிறது. அதன் சிவப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் பொறியாளர்கள் ரகசியச் சேதி ஒன்றை ஒளித்துவைத்திருந்தார்கள், குறும்புக்காரர்கள். வெப்பக் கவசம் கழன்று கீழே போகிறது. உற்றுப் பாருங்கள், அதில் ஒரு ஸ்பிரிங் பிய்ந்து தொங்கும்! பிறகு பாராசூட்டையும் உதறிவிட்டு, எட்டு எஞ்சின்கள் தீ உமிழ, அந்தரத்தில் நிற்கிறது ஒரு ராக்கெட் மேடை. அது, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஊர்தியை, கிணற்றில் வாளி இறக்குவதுபோல, கயிறு கட்டி இறக்குகிறது. சக்கரம் மண்ணைத் தொட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு அப்பால் பறந்துபோய் விழுந்து நொறுங்குகிறது. என்ன தியாகம் ஐயா!

வெள்ளியில் கதை தலைகீழ். காற்று அவ்வளவு அடர்த்தி. 1982-இல் சோவியத்தின் வெனேரா 13, பாராசூட்டை மிக உயரத்திலேயே கழற்றிவிட்டு, ஒரு வட்டத் தட்டின் தடையை மட்டும் நம்பி விழுந்தது, உடையவில்லை. ஈயம் உருகும் அந்தச் சூட்டில் 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்யப்பட்டது, 127 நிமிடம் தாங்கியது. வியாழனைக் கேட்காதீர்கள், அங்கே இறங்கத் தரையே கிடையாது.

எனக்கு இப்போது நாசாவின் டிராகன்ஃப்ளை கலத்தின் மேல் பித்து. 2028-இல் கிளப்பி, 2034-இல் சனியின் துணைக்கோளான டைட்டனில் சேர்ப்பதாகத் திட்டம். பாராசூட்டிலிருந்து கழன்று, தன் விசிறிகளைத் தானே சுழற்றிப் பறந்து இறங்குமாம், அதுவும் அணுசக்தியில் ஓடும் ஒரு ஹெலிகாப்டர்! அன்றைக்கு யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, மொய்ப்பணம் மட்டும்தான் வரும், நான் வர மாட்டேன்.