கரையில் நிற்பவர்களின் கணக்கு

மட்டக்களப்பில் உதைபந்தாட்ட ரசிகர் சங்கம் என்று தனியாக ஒன்றைத் தேடினால் கிடைப்பது கடினம். வாவியின் இரு கரையிலும் இருப்பவை விளையாட்டுக் கழகங்கள். பதிந்த ஒரு பெயர், ஒரு தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு கிரவுண்ட், அதைச் சுற்றி ஒரு ஊர். அவ்வளவுதான். ஆடுகிற 11 பேரை விட்டால் மிச்சம் எல்லோரும் ஆதரவாளர்கள். முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டால் ஆடினவனும் அடுத்த கிழமை ஆதரவாளன்தான். லிவர்பூலிலும் கொச்சியிலும் கழகம் ஒரு பக்கம், ரசிகர் மறுபக்கம், நடுவில் ஒரு டிக்கெற் ஜன்னல். இங்கே பெரும்பாலும் அந்த ஜன்னலே இல்லை. கழகத்துக்காக மெய்வருந்துகிற இவ்வளவு பேர் கழகத்திடம் ஒரு கேள்வி கேட்க முடியாமல் நிற்பதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம், அது சின்னதல்ல. வடகீழ்ப் பருவமழை பிடித்தால் வாவிக்கு மேற்கே கிடக்கிற படுவான்கரையின் தாழ்ந்த ஊர்கள் தீவாகிவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அப்படியான நாட்களில் கிராம உத்தியோகத்தரின் பட்டியல் வருவதற்கு முன்னரே வேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கழகப் பிள்ளைகள். யார் வீட்டில் தோணி இருக்கிறது, எந்த ஒழுங்கையில் எழும்ப முடியாத கிழவி தனியே கிடக்கிறாள், யாருடைய உழவு மெசின் சேற்றில் புதையாமல் போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பின்னேரம் தோறும் ஒன்றுகூடுகிற 40 பேர் இருந்தால், கட்டளையிட ஒருவரும் பின்பற்ற 39 பேரும் ஏற்கெனவே பழகியிருக்கிறார்கள் என்று பொருள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் பயிற்சிப் பட்டறை வைத்து உண்டாக்க முயன்றது இதைத்தான். இரத்ததான முகாம், கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல், பள்ளிக்கூடச் சிரமதானம், செத்தவீட்டுக்குக் கதிரை தூக்குவது எல்லாம் இதே கைகளால்தான் நடக்கின்றன.

ஆனால் இந்த உதவிக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. கழகத்தின் ஊர் எங்கே முடிகிறதோ அங்கேயே பல தடவை நிவாரணமும் முடிந்துவிடுகிறது. ஊருக்குள்ளேயே கழகத்தோடு கோபித்துக்கொண்ட குடும்பம், அடுத்த கழகத்துக்கு ஆடப்போன பையனின் வீடு, இவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கடைசியாகத்தான் போகும். அரசாங்கம் தாமதிக்கும், ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவர் அங்கே போய்ச் சண்டை பிடிக்கலாம். கழகத்திடம் யார் போய்ச் சண்டை பிடிப்பது?

உதைபந்துக்கு முன்பே இந்த மண்ணுக்கு ரசிகர் கட்சி இருந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். கட்சி பிறப்பால் வருவது, மாற முடியாது. இரண்டு வளைந்த கொம்புகளைக் கொளுவிக் கயிற்றால் இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்ற கட்சி தோற்ற கட்சியைப் பாட்டிலேயே நையாண்டி பண்ணும். தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் என்று கோயிலே இருக்கிறது. பகைக்கு இடம் கொடுத்து, அதற்கு நாள் குறித்து, அம்மன் முன்னால் அதை முடித்தும் வைத்த ஏற்பாடு அது. இன்றைய மைதானத்தில் முதற்பாதி அப்படியே இருக்கிறது: பிறவிக் கட்சி, பறை, பட்டாசு, எதிரணியின் கோல்காப்பாளரைப் பெயர் சொல்லி வறுத்தெடுக்கிற வாய். முடித்து வைக்கிற பாதியைக் காணவில்லை. மத்தியஸ்தர் ஒரு தண்ட உதை கொடுத்துவிட்டால், அன்றிரவு பஸ் கண்ணாடி உடைகிறது. அடுத்த மாதம் அதே இரு ஊரும் வேறொரு கிண்ணத்தில் சந்திக்கிறபோது பழைய பாக்கி தீர்க்கப்படுகிறது. பொலிஸ் வந்தால்தான் முடிவு என்ற நிலை கழகங்களுக்கு அழகல்ல.

இந்தச் சூட்டைத் தணிப்பது எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மட்டக்களப்பில் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டோடு போவதுதான் வழக்கம். வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகப் போகும். ஆகவே வாவியின் கிழக்கே, எழுவான்கரையில் பிறந்து ஆடி வளர்ந்தவன் 25 வயதில் வாவியைக் கடந்து படுவான்கரை மருமகனாகிறான். தாயூரும் தாரத்தின் ஊரும் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டால் அந்த மனிதனின் நிலையை யோசித்துப் பாருங்கள். மச்சான்மார் நடுவே நின்றுகொண்டு, தம்பி அடித்த கோலுக்கு வாயைத் திறக்க முடியாமல் தவிப்பான். சிரிப்பாகத் தோன்றினாலும், சண்டை மூண்டால் இடையில் விழுந்து பிரிக்கிறவர்களும் இப்படி இரண்டு ஊருக்கும் உரியவர்கள்தான். முன்பு குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் பாதை எனப்படும் மிதவையில் ஏறிப் போய்வந்த உறவு, 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு இன்னும் நெருங்கியிருக்கிறது. எந்தக் கழக யாப்பிலும் எழுதாத பாதுகாப்பு இது.

இதே பாதுகாப்பு தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் கிடையாது. கல்யாண உறவு அந்தக் கோட்டைப் பெரும்பாலும் கடப்பதில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பள்ளிவாசலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கொல்லப்பட்ட முஸ்லிம்களையும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழர்களையும் இரு பக்கமும் மறக்கவில்லை. அதன் நடுவே ஏறாவூர் அஹமட் பரீட் மைதானத்திலோ மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானத்திலோ இரு சமூகத்து அணிகள் மோதுவதும், இரு கூட்டமும் ஒரே கரையில் நிற்பதும் சாதாரணக் காரியமல்ல. சந்தையையும் ஆஸ்பத்திரியையும் விட்டால் இவ்வளவு பேர் அருகருகே நிற்கிற இடம் வேறெது? ஆனால் அங்கே ஆதரவாளர் குழுக்கள் செய்யக்கூடியதைச் செய்யவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. ஓப்சைட் தீர்ப்பு இனத் தீர்ப்பாக வாசிக்கப்படுகிறது. முகநூல் நேரலையின் கீழே எழுதப்படுவதைப் படித்தால் ஆட்டம் எந்த ஆண்டில் நடக்கிறது என்ற சந்தேகம் வரும். லிவர்பூலில் ஒரே நகரத்தின் இரு பகை அணிகளான லிவர்பூல், எவர்ட்டன் ரசிகர்கள் 2015இல் சேர்ந்து பசித்தவர்களுக்கு உணவு சேகரிக்கத் தொடங்கினார்கள். மைதானத்தில் பகையை விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் வைத்த பெட்டியில் மட்டும் ஒன்றானார்கள். வெள்ளம் இரு சமூகத்து ஊருக்கும் ஒரே இரவில்தான் வருகிறது. கூட்டு நிவாரணம் என்பது இங்கே புதுமையும் இல்லை, கழகங்களின் பெயரில் அது வழக்கமாகவில்லை என்பதுதான் குறை.

ஞாபகார்த்தக் கிண்ணங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரதேசத்தின் உதைபந்தைப் பேச முடியாது. இங்கே இறந்த இளைஞனுக்குக் கல் நடுவதோடு கிண்ணமும் வைக்கிறார்கள். வாவியில் மூழ்கியவன், விபத்தில் போனவன், கடல் கொண்டுபோனவன், போரில் போனவன், காணாமல் ஆக்கப்பட்டவன் என்று எல்லோருக்கும் ஒரு சுற்றுப்போட்டி. பகிரங்கமாக அழுவதற்கே அனுமதி கேட்க வேண்டியிருந்த காலங்களில், சிநேகிதனின் பெயரை ஒலிபெருக்கியில் நாள் முழுக்கச் சொல்வதற்கு ஒரு வழி இருந்தது என்றால் அது இதுதான். தாய் மேடையேறி வெற்றிக்கிண்ணத்தைக் கொடுக்கிறாள். ஊர் எழுந்து நிற்கிறது. இதைக் கேலி செய்கிறவர்கள் ஊரை அறியாதவர்கள்.

இருந்தாலும் ஆட்டத்துக்கு இதனால் என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் விலகல் முறைப் போட்டிகள். ஒரு தோல்வி, வீட்டுக்குப் போ. தோற்கக்கூடாது என்பதால் வெளியூர் வீரனை ஒரு நாளுக்குக் காசு கொடுத்து இறக்குகிறார்கள். சொந்த ஊரின் 16 வயதுப் பையன் மாலை முழுக்க ஜேர்சி போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறான். சுவிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வருகிற காசு பந்தலுக்கும் பனருக்கும் பரிசுத் தொகைக்கும் போகிறது. பயிற்றுநருக்கு மாதச் சம்பளமாக அது மாறுவதைக் காண்பது அரிது. கொடுப்பவரைக் குறை சொல்வதில் பயனில்லை. வருசத்துக்கு ஒரு படம் வேண்டுமென்று நினைக்கிறார், கிண்ணம் படத்தில் விழும், பயிற்சி விழாது. 2018இல் ஐபிசி தமிழ் முன்னின்று நடத்திய வடக்கு கிழக்கு பிரீமியர் லீக்கில் மட்டுநகர் சூப்பர் கிங்ஸ் என்றோர் அணி இறங்கியது. மாவட்டத்துக்கே ஓர் அணி என்பது நல்ல கனவுதான். ஆனால் ஊர் ஊராகப் பிரிந்து நிற்கிற பற்றைப் பெயர் சூட்டியவுடன் ஒரே அணிக்குள் ஊற்றிவிட முடியுமா? கழகம் ஊரிலிருந்து எழும்பினால்தான் ஊர் அதோடு நிற்கும். மேலேயிருந்து இறக்கியதைப் பார்த்துக் கைதட்டும், அவ்வளவே.

பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற பழக்கமும் இங்கே ஆழமானது. அதற்குக் கௌரவமான ஒரு தொடக்கம் உண்டு. நியூ ஓர்லியன்ஸ் இயேசுசபையிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் வாழ்நாளைக் கழித்த ஹரோல்ட் வெபர் அடிகளின் பெயரைத்தான் நகர மைதானம் தாங்கி நிற்கிறது. அவர் கணக்குக் கேட்கத் தேவையில்லாத மனிதராக இருந்தார் என்றே பழைய மாணவர்கள் பேசுகிறார்கள். வில்லங்கம் என்னவென்றால், அந்த நம்பிக்கையை இன்று யார் யாரோ சுதந்தரிக்கிறார்கள். தேர்தல் வருமுன் கழகத்துக்கு ஒரு தொகுதி ரீ-சேர்ட் வரும். முதுகில் இலக்கம், நெஞ்சில் வேட்பாளரின் முகம். போசகர் பதவி ஒன்று உருவாகும். கிரவுண்டுக்கு மின்விளக்கு என்ற வாக்குறுதி அடுத்த தேர்தல் வரை பத்திரமாக இருக்கும். எதிர்த்து ஒரு குரல் எழுந்தால், "கழகத்தைக் குழப்ப வந்திருக்கிறான்" என்று முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் டிக்கெற் ஜன்னல் இல்லாததன் விலை தெரிகிறது. கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் கழகத்துக்காக 2014இல் தொடங்கிய ரசிகர் குழு மஞ்சப்படை. 2018 பெருவெள்ளத்தில் நிவாரணத்துக்கு இறங்கியது. அதே குழு 2024 டிசம்பரில் நிர்வாகத்தின் போக்குப் பிடிக்காமல், டிக்கெற் வாங்கவும் மாட்டோம் விற்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. 2016 பெப்ரவரியில் 77 பவுண் டிக்கெற்றை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையை மீட்டுக்கொண்டார்கள். 2002இல் விம்பிள்டன் கழகத்தை வேறு நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் தாங்களே ஏஎப்சி விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்து, இன்றும் பெரும்பான்மை உரிமையைக் கையில் வைத்திருக்கிறார்கள். பக்தியும் எதிர்ப்பும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதற்கு இவை சாட்சி. அங்கேயும் எல்லாம் பொன்னல்ல. நிவாரணம் செய்யும் கையே மத்தியஸ்தரை இழிவாகத் திட்டும் பதாகையையும் பிடிக்கிறது.

இலங்கை உதைபந்தின் மேல்தளத்தில் ஆதரவாளருக்கு இடமே இல்லை. சம்மேளனத் தேர்தலில் வாக்கு லீக்குகளுக்கு. வெளியார் தலையீடு என்று சொல்லி பீபா 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை நாட்டையே தடைசெய்து வைத்தபோதும், அந்த இழுபறியில் கரையில் நிற்பவனிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே கேட்காததைக் கீழேயாவது கேட்கலாம் அல்லவா? அதற்கு விம்பிள்டன் வரை போகவும் தேவையில்லை. இந்தப் பிரதேசத்துக் கோயில்களில், தாய்வழிக் குடிகள் நிர்வாகியைத் தெரிவு செய்கிற வண்ணக்கர் முறை இருக்கிறது. வண்ணக்கர் தன் குடிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கூட்டத்தில் கணக்கை வாசிக்காமல் திருவிழாவை நகர்த்தினால் சும்மா விடமாட்டார்கள். அந்த முறைக்குள் சாதியும் குடிமேன்மையும் ஏறி உட்கார்ந்திருப்பது உண்மை. அதை அப்படியே மைதானத்துக்கு நகல் எடுக்கச் சொல்லவில்லை. கோயில் காசுக்குக் கணக்குக் கேட்கிற ஊர், கிண்ணக் காசுக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்பதே கேள்வி.

அந்தக் கூட்டத்தில் உட்காரப் பெண்களுக்கும் கதிரை வேண்டும். சீதன வழக்கப்படி ஊரின் வீடு வளவில் பெரும்பங்கு அவர்கள் பெயரில் இருக்கிறது. இறுதிப்போட்டி நாளில் மூன்று அண்டா சோறு அவர்கள் கையால் வேகிறது. மகனின் முறிந்த காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை இருப்பதும் அவர்களே. நிர்வாகப் பட்டியலில் தேடினால் ஒரு பெயரும் அகப்படாத கழகங்கள்தான் அதிகம். பந்தடிக்கிற பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் எந்த நேரம் ஒதுக்குவது என்பதை அவர்கள் இல்லாத அறையில்தான் முடிவு செய்கிறார்கள்.

லிவர்பூல்காரர் எழுந்து போனால் முதலாளிக்கு வருமானம் போகும். இங்கே எழுந்து போவதால் ஒருவருக்கும் நட்டமில்லை, இலவசமாக வந்த கூட்டம் இலவசமாகக் கலையும். ஆதரவாளனிடம் மறுப்பதற்கு இருப்பவை இரண்டே: உழைப்பும் வெளிநாட்டுக் காசும். காலையில் கோடு போடச் சுண்ணாம்போடு ஒருவரும் வரவில்லை, வலை கட்டவில்லை, அண்டாவுக்கு அடுப்பு மூட்டவில்லை, சூரிச்சிலிருக்கிற அண்ணன் "போன வருசக் கணக்கை அனுப்புங்கள், பிறகு பார்ப்பம்" என்கிறார் என்றால், எந்தப் போசகரும் அன்று பின்னேரம் போட்டியைத் தொடக்கிவைக்க முடியாது.