பின்னிணைப்பின் ருசி

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐ. எஃப். ஸ்டோனை ரசிப்பவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. வியட்நாம் வெள்ளை அறிக்கையைப் பிரித்து மேய்ந்ததுதான் அவருடைய உச்சம் என்பது ஒன்று. நெவாடா அணுச்சோதனைச் செய்தியே உச்சம் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சிக்காரர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 179 என்ற எண்ணின் அழகு எனக்கும் தெரியும்.

1965 பிப்ரவரிக் கடைசியில் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த அறிக்கையை வெளியிட்டது. தென்வியட்நாமில் நடப்பது வடக்கிலிருந்து வந்த ஆட்களும் ஆயுதங்களும் நடத்தும் படையெடுப்பு என்பது அதன் வாதம். நாளிதழ்கள் முன்பக்கங்களின் முழக்கத்தை எடுத்துப் போட்டன. ஸ்டோன் பின்னிணைப்புக்குப் போனார். பதினெட்டு மாதங்களில் பிடிபட்ட கம்யூனிஸ்ட் நாட்டுத் துப்பாக்கிகளும் பிறவும் அங்கே வகைவாரியாக இருந்தன. கூட்டினால் 179. கெரில்லாக்களிடம் மூன்றாண்டுகளில் கைப்பற்றிய மொத்த ஆயுதங்கள் 15,100 என்பது பென்டகனின் கணக்கு. பதினெட்டு மாதத்துக்குப் பாதி என்று வைத்தால் ஏறத்தாழ 7,500. அதில் 179 இரண்டரை சதவீதம்கூட இல்லை. அவர் நடத்திய வாரப் பத்திரிகையான 'வீக்லி'யின் மார்ச் 8 தேதியிட்ட இதழில் இது வந்தது. ஒரு துறையின் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு துறையின் தாள். கசிந்த கோப்பு, முகம் மறைத்த அதிகாரி என்று எதுவும் அதில் இல்லை.

வாகன நிறுத்தத்தின் இருட்டில் நடந்த சந்திப்புகளே புலனாய்வின் சிகரம் என்று வாட்டர்கேட்டைச் சொல்பவர்கள் என் நண்பர்களிலும் இருக்கிறார்கள். அந்த வேலையை நான் குறைத்து மதிப்பவனல்ல. அதிலும் எனக்குப் பிடித்த இடம் வேறு. வாட்டர்கேட் திருட்டில் பிடிபட்டவர்களில் ஒருவரின் வங்கிக் கணக்குக்குள் போன 25,000 டாலர் காசோலை அது. அதைப் பற்றிய 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்திலும் காங்கிரஸ் நூலகக் காட்சிக்காகத்தான் காத்திருப்பேன். நிருபர்கள் இருவரும் நூல் கேட்புச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாகப் புரட்ட, கேமரா மேலே மேலே ஏறி விதானத்தைத் தொடும். ரகசியத் தகவலாளியின் சொல்லை நாம் நம்பித்தான் ஆக வேண்டும். சீட்டையும் காசோலையையும் வாசகனே சரிபார்க்கலாம். ஸ்டோனின் வித்தை முழுவதும் அந்த இரண்டாவது வகை.

இப்போது நெவாடா. 1957 செப்டம்பர் 19 அன்று 'ரெய்னியர்' என்ற பெயரில் நிலத்தடி அணுச்சோதனை நடந்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸின் செய்திக்கு அடியில், வால்போல, வெளியூர்களிலிருந்து வந்த துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. டொரான்டோ, ரோம், டோக்கியோவில் அதிர்வு பதிவானதாக அவை சொல்லின. அந்த ஊர்களுக்குத் தந்தியடித்துக் கேட்க ஸ்டோனிடம் வசதியில்லை. நான்கு பக்க வாரப் பத்திரிகையை மனைவி எஸ்தரின் துணையோடு வீட்டிலிருந்து நடத்தியவர் அவர். துணுக்குகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்.

அதை எழுதிவிடாமல் எடுத்துவைத்தாரே, அங்கேதான் நான் மயங்குகிறேன்.

அரையாண்டு கழிந்தது. சோதனைத் தடை ஒப்பந்தம் சாத்தியமா என்ற வாதம் சூடுபிடித்திருந்தது. நிலத்தடிச் சோதனையைத் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க முடியாதென்றால், சில நூறு மைலுக்கு ஒரு கண்காணிப்பு நிலையம் என்ற யோசனைக்குப் பொருளே இல்லை. 1958 மார்ச்சில் அணுசக்தி ஆணையம் ரெய்னியர் பற்றி அறிக்கை விட்டது. அதிர்வு 200 மைலுக்கு அப்பால் எங்கும் பதிவாகவில்லை என்றது. ஸ்டோன் பழைய துணுக்குகளை எடுத்தார். வணிகத் துறையின் கீழ் கரையோர, புவியளவை அலுவலகம் ஒன்று இருந்தது. நிருபர்கள் எட்டிப்பார்க்காத இடம். அங்கே நிலநடுக்கவியலாளர்களைப் போய்க் கேட்டார். ரோம், டோக்கியோ செய்திகளை அவர்கள் நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதிர்வைப் பதிவுசெய்த நிலையங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். அதில் அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் இருந்தது, 2,000 மைலுக்கும் அப்பால். ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த நேர்ந்தது.

தன் சந்தேகத்துக்குத் தூண்டுகோலாக இருந்த இரண்டு ஊர்களை நிபுணர் சொன்னதும் அவர் கைவிட்டார் என்பதைக் கவனியுங்கள். ரோமும் டோக்கியோவும் தலைப்புக்கு எவ்வளவு தோதானவை!

காது மந்தமானதால்தான் அவர் ஆவணங்களில் தஞ்சம் புகுந்தார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. செய்தியாளர் கூட்டங்களில் அவருக்குச் சரியாகக் கேட்காது என்பதும், விசாரணைகளின் எழுத்து வடிவத்தை வாங்கி வாசித்தார் என்பதும் உண்மைதான். ஆனால் விசாரணைப் பதிவை வரிவரியாகப் படிப்பவன் முந்திய வாரப் பதிலையும் நினைவில் வைத்திருக்க வேண்டுமே, அதற்குக் காது காரணமாகாது. 'வீக்லி'யின் கட்டம் கட்டிய துணுக்குகளைப் பாருங்கள். அதிகாரி ஒருவரின் சொல், அதை மறுக்கும் இன்னொரு அரசுச் சொல். ஸ்டோனின் உரை பெரும்பாலும் ஒரு தலைப்போடு நின்றுவிடும். 1953 ஜனவரியில் சுமார் 5,300 சந்தாதாரர்களோடு தொடங்கிய இதழ் 1971இல் நிற்கும்போது ஏறத்தாழ 70,000 பேரிடம் போய்ச்சேர்ந்துகொண்டிருந்தது. இப்படி வாசிக்க ஆளிருந்தது.

இன்று கருவிகளைப் பற்றிய பேச்சே பேச்சாக இருக்கிறது. 2016இல் பனாமா ஆவணங்கள் வந்தபோது 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட் என்ற அளவுகளே செய்தியாயின. அத்தனையையும் தேடத்தக்கதாக மாற்றிய உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் தேடுபொறி நாம் கேட்ட பெயரைத்தான் தரும். கேட்கத் தோன்றாத அட்டவணையைக் கண்ணில் காட்டாது.

நம் ஊரில் நிலைமை எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2003 முதல் வேட்பாளர்கள் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டியிருக்கிறது. விவசாய நிலத்துக்குச் சர்வே எண்கூட அதில் உண்டு. அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம், வழிகாட்டி மதிப்பையும் பார்க்கலாம், முந்திய தேர்தலின் பத்திரத்தைப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் தேர்தல்தோறும் வருவது "இவருக்கு இத்தனை கோடி" என்ற ஒரு வரி. தணிக்கை அறிக்கை வந்தாலும் இதே கதி. செய்திக்குறிப்பு அச்சேறும், பின்னிணைப்பு பிரிக்கப்படாமலே கிடக்கும். நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் துணுக்குகளைக் கத்தரித்துப் பொருள்வாரியாக உறையிட்டு வைக்கவே ஒரு பெரியவர் இருந்தார். எந்த அமைச்சர் எந்த அணையைப் பற்றி எப்போது என்ன சொன்னார் என்று கேட்டால், உறையோடு வருவார். அவர் ஓய்வுபெற்றதும் அந்த அறையை விளம்பரப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கணினி இருக்கிறதே என்றார்கள். கணினி இருந்தது, உறைகளைத்தான் யாரும் அதில் ஏற்றவில்லை.

'வீக்லி' இதழ்கள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மார்ச் 8 இதழை உடனே திறக்காதீர்கள். முதலில் வெள்ளை அறிக்கையைத் தேடியெடுத்து, அதன் ஆயுதப் பட்டியலை நீங்களே கூட்டிப் பாருங்கள். பிறகு ஸ்டோனிடம் போங்கள்.