பாதியில் எழுந்தவர்கள்

ஒரு படம் ஓடியதா இல்லையா என்பதை வாசலில் கிழிபடும் டிக்கெட்தான் சொல்கிறது. காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த வகுப்பில் எவ்வளவு வசூல் என்பதற்குத் தொழிலில் டி.சி.ஆர். என்று சொல்லப்படும் தினசரி வசூல் அறிக்கை உண்டு. அந்தத் தாளில் வெளியே போனவர்களுக்குக் கட்டம் கிடையாது. இருபதாவது நிமிடத்தில் எழுந்து போனவரும் ‘வணக்கம்’ போடும்வரை இருந்தவரும் அங்கே ஒன்றுதான். பாதியில் எழுந்து போவது, ஒரு படத்தைப் பற்றி ரசிகர் சொல்லக்கூடியவற்றிலேயே கடுமையான சொல். அது எங்கேயும் எழுதப்படாமல் போவது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. அந்தச் செயலைப் பற்றி யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், நம் சினிமா ஆய்வு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

தமிழ் சினிமாவின் பார்வையாளரைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பெரிய கேள்விகளோடு வந்தன. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னாளில் ‘பிம்பச் சிறை’ என்று தமிழில் வந்த நூல், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழை மக்களை எப்படி ஈர்த்துப் பிடித்தது என்று கேட்டது. அடுத்த ஆண்டு வந்த சாரா டிக்கியின் நூல் மதுரையின் உழைக்கும் மக்களோடு பழகி, அவர்கள் ஏன் படத்துக்குப் போகிறார்கள், அதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தது. தியடோர் பாஸ்கரனும் ஸ்டீபன் ஹியூஸும் சென்னை மாகாணத்தில் சினிமா வேர்பிடித்த வரலாற்றைத் துலக்கினார்கள். இவர்கள் இல்லாமல் இந்தத் துறையே இல்லை. ஆனாலும் உள்ளே போனவர் கடைசிவரை இருந்தார் என்ற எண்ணம் இந்த ஆய்வுகளுக்கு அடியில் பெரும்பாலும் கேள்வியின்றிக் கிடக்கிறது. ஏன் வந்தார்கள் என்று கேட்ட அளவுக்கு, ஏன் எழுந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு அருகில் வந்தவர்கள் இருவர். லலிதா கோபாலன் 2002-இல் வெளியிட்ட நூலில் பாட்டு, இடைவேளை, தணிக்கை ஆகிய மூன்றையும் இந்தியப் படத்தின் குறைகளாகப் பார்க்காமல், அதன் வடிவத்தையே செதுக்கும் குறுக்கீடுகளாகப் பார்த்தார். அவர் திரைக்குள் நின்று பேசினார். லட்சுமி ஸ்ரீனிவாஸ் 2016-இல் வெளியான ‘ஹவுஸ் ஃபுல்’ நூலில் திரைக்கு இந்தப்பக்கம் திரும்பினார். பெங்களூரின் தியேட்டர்களில் உட்கார்ந்து, தாமதமாக வருகிறவர்களையும் பிடிக்காத பாட்டுக்கு வெளியே போகிறவர்களையும் திரையோடு பேசுகிறவர்களையும் கவனித்து எழுதினார். கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருப்பவர்தான் நல்ல ரசிகர் என்ற எண்ணத்தை அந்த நூல் அசைத்துவிட்டது. தமிழ்நாட்டைப் பற்றி இப்படியொரு நூல் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏனென்றால் நம் ஊரில் எழுந்து போவதற்கு எத்தனையோ காரணங்கள், அவற்றில் பல படத்தோடு சம்பந்தமே இல்லாதவை. இரண்டாவது ஆட்டம் பார்க்க வந்தவருக்குக் கடைசி பஸ் பெரிய விஷயம். சண்டை முடிந்து வில்லனின் கையில் விலங்கு மாட்டப்படும்போதே பின்வரிசை எழும். சைக்கிள் ஸ்டாண்டில் நெரிசல் வருமுன் வண்டியை எடுத்தாக வேண்டும். கைக்குழந்தையோடு வந்த பெண் பாதிப் படத்தை வெளியே நின்று குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே தவறவிடுவாள். பின்னால் உட்கார்ந்தவனின் தொல்லை பொறுக்காமல் எழுந்து போன பெண்கள் எத்தனை பேரோ. அவர்கள் பார்க்காமல் விட்ட கிளைமாக்ஸுகளை யாரும் கணக்கெடுத்ததில்லை. வெளியேறுதலை ரசனையின் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆய்வு இவர்களை மறுபடியும் விட்டுவிடும். விரும்பி எழுந்தவர் யார், எழும்படி ஆனவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பிடிக்காத படத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொருளியலும் உளவியலும் ஒரு பக்கத்திலிருந்து தொட்டிருக்கின்றன. ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 2 டாலரோ 7 டாலரோ குறைத்தும் சீட்டு கொடுத்தார்கள். பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே கூடுதல் நாடகங்களுக்கு வந்தார்கள். பிற்பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. போன பணம் திரும்பாது என்று தெரிந்தும், அது வீணாகக் கூடாதே என்ற எண்ணம் நம்மைக் கட்டிப்போடுகிறது. நாள் ஆக ஆக அந்தக் கட்டும் தளர்கிறது.

இந்த விளக்கம் சரியானதே, ஆனால் நம் தியேட்டருக்குப் போதாது. அது தனியாள் ஒருவரைக் கற்பனை செய்கிறது. நாம் தனியாகப் படத்துக்குப் போவது குறைவு. ஆட்டோ பிடித்து அம்மா, அத்தை, பிள்ளைகளோடு வந்தவர் தனக்குப் பிடிக்கவில்லை என்று எழ முடியாது. ஆறு பேரும் எழ வேண்டும், அதற்கு ஆறு பேரின் சம்மதம் வேண்டும். டிக்கெட் காசைவிட அந்தச் சம்மதம்தான் கடினம்.

இந்த இடத்தில் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூல் எனக்கு அதிகம் உதவுகிறது. ஒரு நிறுவனத்தின் தரம் கெடும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் என்றார் அவர்: விலகிப் போவது, அல்லது இருந்துகொண்டே குரல் கொடுப்பது. நம் பழைய தியேட்டரில் குரலுக்குப் பஞ்சமே இல்லை. விசில் இருந்தது, ஊளை இருந்தது, ஆபரேட்டரை அழைத்துத் திட்டுவது இருந்தது, திரையில் வசனம் முடியுமுன் கீழேயிருந்து பதில் வசனம் வந்தது. மோசமான படத்தைத் தரை டிக்கெட் கூட்டம் தன் சத்தத்தாலேயே வேறொரு நிகழ்ச்சியாக மாற்றிவிடும். அப்போது எழுந்து போக அவசியம் இல்லை. மல்டிபிளெக்ஸ் வந்தபின் குரல் அநாகரிகமாகிவிட்டது. குரல் அடங்கிய அரங்கில் எஞ்சியிருப்பது விலகல் மட்டும்தான், அதிலும் பாதி உட்கார்ந்த இடத்திலேயே கைப்பேசிக்குள் நடக்கிறது. இந்த மாற்றத்தை யாராவது முறையாக ஆராய வேண்டும்.

படத்துக்கு முதலும் முடிவும் உண்டு, இரண்டுக்கும் நடுவே முழுதாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்கே அவ்வளவு பழையதல்ல. அமெரிக்காவில் நெடுங்காலம் தொடர்காட்சி முறை இருந்தது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், படம் சுற்றி வந்து தான் நுழைந்த இடத்தை எட்டியதும் எழுந்து போகலாம். 1960-இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கட்டளையிட்டது பெரிய செய்தியானது அதனால்தான். அதற்கும் முன்பே, முதல் உலகப் போர்க் காலத்தில், பிரான்சின் நாந்த் நகரத்தில் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனும் அவர் நண்பர் ஜாக் வாஷேயும் என்ன படம் என்றே பார்க்காமல் ஒரு தியேட்டருக்குள் நுழைந்து, சலிப்பு தட்டிய கணத்தில் எழுந்து, அடுத்த தியேட்டருக்குப் போவார்களாம். துண்டு துண்டாகப் பார்த்த காட்சிகள் மனதில் ஒட்டிக்கொள்ளும் விதம் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பாதியில் போவது பார்ப்பதற்கு எதிரானது என்று நாம் நினைத்திருக்க, அதையே ஒரு பார்க்கும் முறையாக அவர்கள் வைத்திருந்தார்கள். 1975-இல் ரோலான் பார்த் தியேட்டரிலிருந்து வெளியே வருவதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அந்த இருட்டிலிருந்து தெருவுக்கு வரும் உடம்பின் மயக்கத்தை அவர் அளவுக்கு நுட்பமாக எழுதியவர் குறைவு. அவரும் படம் முடிந்து வருகிறவரைத்தான் எழுதினார்.

படவிழாக்களின் வரலாற்றில்தான் வெளியேறுதலுக்கு ஓரளவு பதிவு கிடைக்கிறது, பத்திரிகையாளர்கள் அங்கே இருப்பதால். 1960-இல் கான் விழாவில் அந்தோனியோனியின் ‘லாவெந்தூரா’ ஏளனத்துக்கு ஆளானது. இயக்குநரும் நாயகி மோனிகா வித்தியும் அரங்கைவிட்டே வெளியேறினார்கள். மறுநாள் ரோசலினி உள்ளிட்ட கலைஞர்கள் படத்தை ஆதரித்து அறிக்கை விட்டார்கள், நடுவர் குழுவின் பரிசும் கிடைத்தது. 2002-இல் காஸ்பர் நோவேயின் ‘இர்ரிவர்சிபிள்’ படத்திலிருந்து சுமார் 250 பேர் வெளியேறியதாகச் செய்தி வந்தது. அந்த எண்ணிக்கையே பிறகு படத்தின் விளம்பரம்போல ஆகிவிட்டது. இத்தகைய அதிர்ச்சிப் படங்களில் எனக்கு ஆர்வம் குறைவு. ஷாந்தால் ஆகெர்மனின் ‘ழான் தியெல்மன்’ 1975-இல் கானில் காட்டப்பட்டபோது நடந்ததே எனக்கு முக்கியம். தானும் நடிகை தெல்ஃபின் செய்ரிக்கும் பின்னால் உட்கார்ந்திருந்ததையும், ஒவ்வொருவராக எழுந்து போகப் போக நாற்காலிகள் மடிந்து அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டதையும் ஆகெர்மன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் 3 மணி 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் படத்தில் அந்தந்த வேலைக்குரிய நேரம் கொடுத்தே காட்டியவர் அவர். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அந்தப் படம் முதலிடம் பெற்றது. எழுந்து போனவர்கள் தவறிழைத்தார்கள் என்று இதை வைத்து முடிவுகட்ட நான் விரும்பவில்லை. வீட்டு வேலையின் நேரத்தை அவர்களால் தாங்க முடியவில்லை, படம் கேட்டதும் அதைத்தான். அந்த நாற்காலிச் சத்தமும் படத்துக்கு வந்த ஒரு வாசிப்புதான்.

ஆனால் எழுந்து போகிறவர்களுக்குச் செவிசாய்ப்பதில் ஆபத்தும் உண்டு. ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ 1942 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் முன்னோட்டமாகக் காட்டப்பட்டது. கூட்டம் பொறுமையிழந்தது; உருக்கமான இடத்தில் சிரித்தார்கள், சிலர் எழுந்தும் போனார்கள். பயந்துபோன ஆர்.கே.ஓ. நிறுவனம் 40 நிமிடத்துக்கும் மேல் வெட்டியெறிந்து, முடிவையும் மாற்றியது. வெட்டிய பகுதி அழிக்கப்பட்டதால் வெல்ஸ் எடுத்த படம் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

தமிழிலும் கத்தரி உண்டு, இங்கே அது வெளியீட்டுக்குப் பின்பு வருகிறது. 2024 ஜூலையில் வெளியான ‘இந்தியன் 2’ நீளம் குறித்த புகாருக்குப் பின் சுமார் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. நவம்பரில் வந்த ‘கங்குவா’வுக்கும் சுமார் 12 நிமிடம் போனது. முதல் சில நாளில் பார்த்தவரும் பிறகு பார்த்தவரும் வெவ்வேறு படங்களைப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பிரதியைச் சேமிப்பது என்ற கேள்வியைத் தமிழ்ப் படக் காப்பகம் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போதே எழுப்ப வேண்டும்.

1954-இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இந்த வரலாற்றில் தனியிடம் பெறும். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. சிவாஜி படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். அவருக்காக வந்தவர்கள் ஏமாந்து எழுந்துபோனார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வசூலில் படம் தோற்றது. இன்று அதைத் தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக மதிக்கிறோம். ‘அன்பே சிவம்’ 2003-இல் தியேட்டரில் தோற்று, தொலைக்காட்சியில்தான் தன் ரசிகர்களைக் கண்டடைந்தது. வீட்டில் சேனலை மாற்றுவது எழுந்து போவதைவிட எளிது; அப்படியிருந்தும் மக்கள் மாற்றவில்லை.

எழுந்து போவது அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் கவலையான சமயமும் உண்டு. 1962 சீனப் போருக்குப் பின் இந்தியத் தியேட்டர்களில் படம் முடிந்ததும் தேசிய கீதம் இசைத்தார்கள். வீடு திரும்பும் அவசரத்தில் கூட்டம் கலைந்தபடியே இருந்தது. நாளடைவில் வழக்கம் நின்றுபோனது. பிரிட்டனிலும் இதே கதைதான்: அரச கீதம் தொடங்குமுன் வெளியே ஓடுவதே அங்கு வழக்கமாக இருந்தது. 2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் படத்துக்கு முன்பு தேசிய கீதம் கட்டாயம் என்றும் அப்போது கதவுகள் மூடியிருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் திரையரங்கின் தீயில், வெளியேற வழி அடைபட்டு 59 பேர் இறந்த நாட்டில் கதவைப் பற்றிய அந்த வரி பலரை அச்சுறுத்தியது. தாழிடத் தேவையில்லை என்று நீதிமன்றமே பிறகு விளக்கியது. 2018 ஜனவரியில் கட்டாயமும் நீங்கியது. படம் பிடிக்காமல் வெளியேறும் உரிமையும் உயிர் பிழைக்க வெளியேறும் உரிமையும் ஒரே கதவின் வழியாகத்தான் போகின்றன.

வெளியேறுகிறவரை இப்போது எண்ணத் தொடங்கிவிட்டார்கள், அதைச் செய்வது ஆய்வாளர்கள் அல்ல. நெட்ஃபிளிக்ஸ் ஒருகாலத்தில் ஒரு படத்தில் 70 விழுக்காடு பார்த்தவரையே பார்வையாளராகக் கணக்கிட்டது. 2020-இல் இரண்டு நிமிடம் பார்த்தாலே போதும் என்று ஆக்கியது. பிறகு பார்த்த மணி நேரத்துக்கு மாறியது. 2024 டிசம்பரில் பி.வி.ஆர். ஐநாக்ஸ் டெல்லி வட்டாரத் திரையரங்குகளில் ‘ஃப்ளெக்சி ஷோ’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. டிக்கெட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால், பாதியில் எழும்போது மீதிப் படத்துக்கேற்பப் பணம் திரும்பும். முக்கால் பங்குக்கு மேல் மீதியிருந்தால் 60 விழுக்காடு வரை. இருக்கை காலியானதைக் கேமரா கவனித்துச் சொல்லும். தியேட்டரில் எழுந்து போனவரைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு என்ற வகையில் இது முக்கியம். ஆனால் மெல்லத் தொடங்கிப் பின்பாதியில் விரியும் படங்கள் இந்தக் கணக்கில் என்ன ஆகும் என்று பயப்படுகிறேன். அந்தத் தரவும் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கும், பல்கலைக்கழகத்துக்கு வராது.

நமக்கு இருப்பது மனிதர்களின் நினைவு, அது தீர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணா சாலையின் சாந்தி 2016-இல் மூடியது, அசோக் நகரின் உதயம் 2024-இல். சிற்றூர்த் தியேட்டர்கள் பல கல்யாண மண்டபமாகிவிட்டன. எந்தப் பாட்டுக்கு எத்தனை பேர் பீடி பிடிக்க வெளியே வருவார்கள் என்று டீ ஸ்டால்காரருக்குத் தெரியும். இடைவேளைக்குப் பின் எத்தனை சைக்கிள் குறைந்தது என்று ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவருக்குத் தெரியும். பெண்கள் பக்கம் எந்தக் காட்சியில் காலியானது என்று கேட்டில் நின்ற அம்மாவுக்குத் தெரியும். எந்த ரீலை அவசரமாக ஓட்டச் சொன்னார்கள், எதைத் தியேட்டர்காரரே வெட்டினார் என்று ஆபரேட்டருக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போக மாவட்டத்துக்கு இரண்டு மாணவர்கள் போதும். தமிழகத்தின் எந்தக் காட்சித் தொடர்பியல் துறையாலும் இந்த ஆண்டே தொடங்கிவிடக்கூடிய வேலை இது.