முகத்துக்கு ஒரு புள்ளி

மேஜைமேல் சரித்திர யுத்தங்களை ஆடுகிறவர்கள் 6 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டுகிறார்கள். கறுப்புப் பூச்சின் மேல் கோட்டுக்கு ஒரு நிறம், குறுக்குப் பட்டைகளுக்கு வெள்ளைக் கீற்று, முகத்துக்கு ஒரு புள்ளி. கண்ணையும் மீசையையும் தேடினால் காரியம் கெட்டது; மூன்றடி தள்ளிப் பார்க்கையில்தான் பட்டாளம் உருக்கொள்கிறது. விலக்கத் தெரிந்த கை அது. கலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எது விலக்கப்படுகிறது என்பதே கேள்வி. எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலின் சிப்பாய்கள் இரண்டங்குல ஈயப் பொம்மைகள். பொம்மைப் பீரங்கியின் மரக்குண்டு பட்டு விழுகிறவன் ஒருவன். அவனைத் தனியே எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். நிஜ யுத்தத்தின் மடமைக்கு எதிராகவே வெல்ஸ் அந்த விளையாட்டை முன்வைத்தார். 1914இல் நிஜம் வந்துவிட்டது. 6 மில்லிமீட்டரிலோ பலர் ஒரே தகட்டில் ஒட்டப்பட்டவர்கள். யாரும் விழுவதில்லை, பெரும்பாலும் தகடே மொத்தமாக அகற்றப்படுகிறது.

1815இன் வாட்டர்லூவை முழுமையாகக் காட்ட இந்த அளவே உகந்தது என்பது வாதம். ஆனால் புகைக்குள் நின்ற எவனும் அதை முழுமையாகப் பார்த்ததில்லை. அது தளபதிகள் ஆசைப்பட்ட பார்வை. வங்கியில் கூட்டுத்தொகையை மட்டும் சரிபார்த்துப் பக்கத்தைப் புரட்டும் எனக்கு அதன் சௌகரியம் தெரியும். அந்த அழகை நம்பாததற்குக் காரணமும் அதுவே.